ஏழாம் நம்பர் காட்டில் ரெண்டு ஏக்கர்

போன செவ்வாய்க்கிழமை காலை என் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் கிடைப்பதே பெரிய விஷயம். அதிலிருந்து இறங்கிய அம்மையார் கையில் பழம், பலகாரம் எதுவும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பைல் மட்டும்.

சரிதான், இன்ஷூரன்ஸ் என்று நினைத்துக் கதவுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன்.

இன்ஷூரன்ஸ் இல்லை. டாக்டர் சுகுணா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை — யுனிவர்சிட்டியில் பாடம் நடத்துகிற டாக்டர். வீடு சுபாங் ஜெயாவில். நம் நாட்டில் விவசாய நிலம் எந்தக் காலத்தில் எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று ஆராய்ச்சி பண்ணுகிறாராம். எந்த ரப்பர் காடு எண்ணெய் எடுக்கிற செம்பனை ஆனது, எந்தச் செம்பனை வீடமைப்பு ஆனது… எல்லாவற்றுக்கும் ஒரு டேபிள் போடுகிறார்.

"பேப்பர்ல உங்க பத்தியை வாராவாரம் படிச்சிடுவேன் அங்கிள்" என்றார்.

இதைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு என் வீட்டில் காப்பி நிச்சயம். காப்பி வந்தது. பைல் திறந்தது. உள்ளே ஒரு மேப்பின் போட்டோகாப்பி. காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்று, நம்பர் போட்ட காடுகளாகப் பிரித்தது.

"ஜப்பான் காலத்துல இந்தத் தோட்டத்துல கிராணியா இருந்ததா ஒரு தடவை எழுதியிருந்தீங்க. அதான் ஒரு சின்ன டவுட் கேட்கலாம்னு வந்தேன். இந்த ஏழாம் நம்பர் காட்டைப் பாருங்க. இருபது ஏக்கர் ரப்பரையும் அழிச்சு மரவள்ளிக்கிழங்கு போட்டாச்சுன்னு இருக்கு. ஆனா சண்டை முடிஞ்சு வெள்ளைக்காரன் திரும்பி வந்து எடுத்த கணக்குல, இதே காட்டுல ரெண்டு ஏக்கர்… நல்லா விளைஞ்ச ரப்பர்னு இருக்கு. ஒரு ரப்பர் கன்னு பால் குடுக்கவே ஆறேழு வருஷம் ஆகும்லா. அதுக்குள்ள எப்படி அங்கிள் வளர்ந்துச்சு?"

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

மேப்பின் மூலையில் வருஷம் 2603 என்று இருந்தது. பயப்படாதீர்கள். ஜப்பான்காரன் காலத்தில் 1943ஐ அப்படித்தான் எழுத வேண்டும். அதற்குக் கீழே சாய்வாக, ஒவ்வொரு எழுத்துக்கும் தேவையில்லாமல் ஒரு வால் வைத்து, யாரோ விவரம் எழுதியிருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ… என் கையெழுத்து.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது. அப்புறம், உங்களிடம் என்ன மறைப்பு, கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. சுகுணா பயந்துபோய் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

நாற்பது வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. கேட்டுவிட்டார்கள். இனிமேல் மூடி வைத்து என்ன செய்யப்போகிறேன்? அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது இருபது வயது. கிள்ளானில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு அந்தத் தோட்டத்தில் சின்னக் கிராணி வேலை. ஆபீஸில் இரண்டாவது குமாஸ்தா என்று அர்த்தம். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். டென்னிஸ் மட்டையை ஞாபகமாக எடுத்துக்கொண்டார். எங்களிடம் சொல்லிக்கொள்ளத்தான் மறந்துபோனார்.

அதற்கப்புறம் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டது பெரிய கிராணி பொன்னுத்துரை. யாழ்ப்பாணத்துக்காரர். எந்த வெயிலிலும் கழுத்துப் பட்டனைக் கழற்றாத மனிதர். தப்பான கூட்டலைப் பார்த்தால் அவருக்கு வயிறு வலிக்கும்.

ஒருநாள் காலை பெரட்டு. ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிடுவதற்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். அன்றைக்கு ஒரு லோரியும் வந்து நின்றது. எல்லை தாண்டி, சயாம் நாட்டில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், உன் தோட்டத்திலிருந்து இத்தனை பேர் என்று உத்தரவு. மூணு மாசத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அன்றைக்கென்று பார்த்துப் பெரிய கிராணிக்கு மலேரியா. அவர் மேசை என் முன்னால், பேனா என் கையில்.

எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு பேர் குறைந்தது. என் தோளுக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஒருவன் மூச்சு விடுகிறான். நிமிர்ந்து வரிசையைப் பார்த்தேன். ஆறுமுகம் நின்றுகொண்டிருந்தார். நல்ல உடம்புக்காரர். கல்யாணமாகி நாலு வருஷம்… பிள்ளை குட்டி கிடையாது.

பிள்ளை இல்லாதவர்தானே? எழுதிவிட்டேன்.

அன்றைக்கு எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான். பிள்ளை இல்லாத ஆளுக்குக் காத்திருக்க யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அவர் மனைவி அங்கம்மா அக்கா அதே பெரட்டில், நாலு பேர் தள்ளி, பால் வாளியோடு நின்றிருந்தார். எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன்.

ஆறுமுகம் சண்டை போடவில்லை, கெஞ்சவில்லை. லோரியில் ஏறுவதற்கு முன்னால் நேராக என்னிடம் வந்தார்.

"கிராணி, என் நிரையை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. இருநூத்திப் பன்னெண்டு மரம். வந்து எண்ணிப் பாப்பேன்."

நிரை என்றால் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். பால் வெட்டும் ஒவ்வொருவருக்கும் இன்னின்ன மரம் என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். வருஷக்கணக்கில் அதே மரம்தான். எந்த மரம் தாராளமாகப் பால் கொடுக்கும், எது கஞ்சத்தனம் பண்ணும், எந்த மரத்தடியில் எறும்பு என்று எல்லாம் அத்துப்படி. ஆறுமுகத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மரங்களை வாய்விட்டு எண்ணிக்கொண்டேதான் வெட்டுவார். பக்கத்து நிரைக்காரர்களுக்கு அவர் குரல்தான் கடிகாரம். "ஆறுமுகம் நூறத் தாண்டியாச்சு, கைய வேகமா போடு புள்ள!" என்று கத்துவார்கள்.

லோரி போனது. மூணு மாசம் போனது. ஆறு மாசமும் போனது. ஒருத்தரும் திரும்பவில்லை.

அப்போதுதான் அடுத்த உத்தரவு வந்தது. அரிசி இல்லை, ரப்பரைச் சாப்பிட முடியுமா? மரத்தை அழி, மரவள்ளி போடு. எங்களுக்கு ஏழாம் நம்பர் காடு, இருபது ஏக்கர். மாசாமாசம் மேப் வரைந்து, ரப்பர் எத்தனை ஏக்கர் குறைந்தது, மரவள்ளி எத்தனை ஏக்கர் கூடியது என்று கிள்ளானில் இருந்த ஜப்பான்காரன் ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். அந்த வேலை எனக்கு.

ஆறுமுகத்தின் நிரை ஏழாம் நம்பர் காட்டின் கடைசியில், பெரிய வடிகாலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

உத்தரவு வந்த அன்றைக்கு மத்தியானம் ஆபீஸ் படிக்கட்டில் அங்கம்மா அக்கா வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"சின்னக் கிராணி, அவரு நிரையும் போகுதா?"

"ஆர்டர் அக்கா. நான் என்ன பண்றது?"

அவர் அழவில்லை. அழுதிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன்.

"இன்னிக்கு இந்த லயத்து வீட்டுல இருக்கேன். நாளைக்கு எங்க மாத்துவீங்களோ, எங்க அனுப்புவீங்களோ, எனக்கே தெரியாது. அவரு வந்தா என்னை எங்கன்னு தேடுவாரு? நேரா நிரைக்குத்தான் வருவாரு. அங்க மரமே இல்லைன்னா… எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நினைச்சு அப்படியே போயிருவாரு." என் கையைப் பார்த்தார். "அவரு பேர எழுதின கைதானே இது? மரத்தையும் எழுதிடாதீங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சோறு எங்கே இருந்தது, அது வேறு விஷயம்.

மரம் அழிக்கப் போன ஆட்களிடம் வடிகாலோடு நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஆபீஸுக்கு வந்து மேப்பை விரித்தேன். வடிகாலுக்கு இந்தப் பக்கம் பதினெட்டு, அந்தப் பக்கம் ரெண்டு — மொத்தம் இருபது ஏக்கருக்கும் மரவள்ளி என்று கோடு போட்டு நிரப்பினேன். சும்மா இருந்தேனா? கெட்டிக்காரத்தனமாக ஓரத்தில் 'பயிர் செழிப்பு' என்று வேறு எழுதினேன். வால் வைத்து.

கிராணிகளுக்கென்றே ஒரு வியாதி உண்டு. பேப்பரில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது. காட்டில் வேலை செய்பவனுக்கு இந்த வியாதி வராது. கிழங்கு மண்ணுக்குள் இருந்துதான் வரவேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

ரெண்டு மாசம் நிம்மதியாக இருந்தேன். கிள்ளானிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் மேப் மிகவும் திருப்தி. அறுவடையின்போது இருபது ஏக்கருக்கும், ஏக்கருக்கு இத்தனை மூட்டை கிழங்கு என்று தயாராக வைத்திருக்கவும். ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார்.

பொன்னுத்துரை கடிதத்தைப் படித்தார். மேப்பைப் பார்த்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஒரு மணி நேரம் கழித்துச் சேறு பூசிய சப்பாத்தோடு திரும்பி வந்தார்.

"ஐசே, இங்கை வாரும். நான் ஏழாம் நம்பர் காட்டை முழுக்க நடந்து பார்த்தனான். எனக்குப் பதினெட்டு ஏக்கர் மரவள்ளிதான் தெரியுது. உம்முடைய மேப்பிலை இருபது நிக்குது. மற்ற ரெண்டும் எங்கை காணும்? உம்முடைய களிசான் பொக்கற்றுக்குள்ளையோ?"

எல்லாவற்றையும் சொன்னேன். பெரட்டு, லோரி, கடைசிப் பேர், படிக்கட்டில் நின்ற அக்கா.  பொய் மேப் என்று தெரிந்தால் ஜப்பான்காரன் முதலில் பெரிய கிராணியைத்தான் பிடிப்பான். அது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது!

அவர் மேப்பை மடித்து வைத்தார். பிறகு கழுத்துப் பட்டனைக் கழற்றினார். நான் பார்த்து அதுதான் முதல் தடவை.

"அந்தப் பேரை நீர் எழுதினது என்ரை மேசையிலை. நான் காய்ச்சல் எண்டு போர்த்துக்கொண்டு படுத்திருந்தனான். அப்ப அதிலை பாதி என்ரை." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "சரி. அழுதுகொண்டு நிக்காதையும். ரெண்டு ஏக்கர் தேடும்."

"தேடுறதா? நிலத்தையா சார்?"

"ஓம். செயினை எடும்."

நிலம் அளக்கிற அறுபத்தாறு அடி இரும்புச் சங்கிலி. அதை இழுத்துக்கொண்டு, குறைகிற மூட்டைகளுக்கு மரவள்ளி நடத் தோட்டம் முழுக்க நிலம் தேடினோம். வடிகால் கரை. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூண்டின் பின்பக்கம். கக்கூஸ் ஓரம். மாரியம்மன் கோயில் முன்னால் தீ மிதிக்கிற குழி — ஆத்தா பொறுத்துக்கொண்டாள். பந்து மைதானத்தில் கோல் கம்பத்துக்கு நடுவில் ரெண்டு வரிசை. துரையின் டென்னிஸ் கோர்ட்டைக் கொத்தும்போது பெண்களுக்கு ஒரே குஷி. "துரை வந்தா கிழங்கால பந்து அடிக்கட்டும்" என்று ஒருத்தி சொன்னதும் எல்லோரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அந்த மூணு வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதிகம் கேட்டதில்லை.

விஷயம் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் நான் சங்கிலியோடு போனால் கதவுகள் திறந்தன.

"சின்னக் கிராணி, என் வாசல்ல நாலு குச்சி நடலாம், அளந்துக்கங்க."

"கிராணி, கோழிக்கூட்டை அந்தப் பக்கம் தள்ளிட்டேன். அந்த இடத்தையும் சேர்த்துக்கங்க."

இவர்கள் வீட்டிலிருந்தும் லோரியில் ஆள் போயிருந்தது. அவர்களுடைய நிரைகளெல்லாம் அழிந்துபோயிருந்தன. ஆனாலும் ஆறுமுகத்தின் நிரைக்கு இடம் கொடுத்தார்கள். 

அளந்து, எழுதி, கூட்டிப் பார்த்தேன். கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாகத் துண்டு விழுந்தது. இனிமேல் தோட்டத்தில் நடுவதற்கு மனுஷன் தலைதான் பாக்கி. பொன்னுத்துரை தன் பங்களா பின்பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருந்தார். யாரையும் தொடவிட மாட்டார். அடுத்த நாள் காலையில் போனால் மனிதர் பனியனோடு நின்று ரோஜாச் செடிகளை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்கிறீர்? செயினைப் பிடியும்" என்றார்.

அறுவடை வந்தது. சொன்ன மூட்டை, சொன்னபடி இருந்தது. ஒன்றிரண்டு கூடவே இருந்தது. ஆபீசர் மூட்டைகளைப் பார்த்துத் தலையசைத்தார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். மனிதர் மேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏழாம் நம்பர் காட்டுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார்!

பின்னாலேயே ஓடினோம். பதினெட்டு ஏக்கர் முடிந்தது. வடிகால் வந்தது. அந்தப் பக்கம் இருநூறு ரப்பர் மரம் ஜம்மென்று நிற்கிறது. எங்கே ஒளிப்பது? ஆபீசர் மேப்பைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், மறுபடியும் மேப்பைப் பார்த்தார். பொன்னுத்துரையிடம் ஏதோ கத்தினார்.

நிரையின் முதல் மரத்தடியில் அங்கம்மா அக்கா மண்வெட்டியோடு நின்றிருந்தார். நகரவில்லை.

பொன்னுத்துரைக்கு ஜப்பான் பாஷை கட்டாய வகுப்பில் படித்த அளவுதான் தெரியும். பத்திருபது வார்த்தை. பொய் சொல்லக்கூட அது போதாது. கையை நீட்டிக் காட்டி நாலே வார்த்தை சொன்னார். அர்த்தம் அப்புறம்தான் எனக்குச் சொன்னார்.

மரம். புருஷன். சயாம். காத்திருக்கிறாள்.

ஆபீசர் மேப்பைத் தாழ்த்தினார். அக்காவைப் பார்த்தார். மரங்களைக் கடைசி வரைக்கும் பார்த்தார். ஏதோ ஒரு கேள்வி கேட்டார். பொன்னுத்துரை தலையை ஆட்டினார். எவ்வளவு நாளாக என்று கேட்டாராம். அதற்கு வார்த்தை தெரியவில்லையாம் இவருக்கு. ஆபீசர் மேப்பைத் தொடையில் வைத்து, இருபது ஏக்கர் என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

நல்ல மனிதரா? எனக்குத் தெரியாது. இன்னொரு லோரி வந்து அடுத்த தோட்டத்தில் ஆள் பிடித்தபோது, முன்சீட்டில் உட்கார்ந்திருந்ததும் அவரேதான். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

இந்த இடத்தில் சுகுணா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆராய்ச்சி, டேபிள், பேனா எல்லாம் சோபாவில் கிடந்தன.

"அங்கிள்… ஆறுமுகம் வந்தாரா?"

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து ஒன்றிரண்டு பேராகத் திரும்பினார்கள். போனவர்களில் பாதிகூட இல்லை. வந்தவர்களுக்கும் தோட்டம் அடையாளம் தெரியவில்லை. லயங்கள் விழுந்து கிடந்தன. பாதைகளெல்லாம் மரவள்ளிக்குள் மறைந்துவிட்டன. அங்கம்மா அக்காவைக்கூட வேறு லயத்துக்கு மாற்றியிருந்தார்கள். அவர் சொன்னது சரியாகத்தான் போயிற்று.

ஒருநாள் காலை வெயில் ஏறுகிற நேரம். வடிகால் கரையில் பெண்கள் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். நான் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். திடீரென்று அங்கம்மா அக்கா கையைத் தூக்கி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார்.

ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து ஒரு குரல். தேய்ந்துபோன குரல். "நாப்பத்தேழு… நாப்பத்தெட்டு… நாப்பத்தொம்போது…"

அக்கா வடிகாலில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து அந்தப் பக்கம் ஏறினார். நாங்களும் பின்னால் ஓடினோம். எலும்பும் ஒரு சாக்குத் துணியுமாக ஓர் உருவம், ஒவ்வொரு மரமாகத் தொட்டுக்கொண்டு போனது. நான் பெரட்டில் பார்த்த ஆறுமுகம் இல்லை. குரல் மட்டும் அதேதான்.

கட்டிப்பிடித்து அழுவார் என்றுதானே நினைப்பீர்கள்? இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார் அக்கா.

"பெரட்டுக்கு இவ்ளோ லேட்டாவா வருவாங்க?"

சொல்லி முடிப்பதற்குள் உடைந்துபோய் அவர் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆறுமுகமும் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்காவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

சாயங்காலம் அவரைத் தேடிப் போனேன். மூணு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்ததைச் சொன்னேன். "அண்ணே, உங்க பேரை எழுதினது நான்தான். மன்னிச்சிடுங்க."

"தெரியும் கிராணி. எழுதுறப்ப நேர்ல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."  முகத்தைச் சுளித்தார். "அது கெடக்கட்டும். இருநூத்திப் பதினொண்ணுதான் இருக்கு. ஒண்ணு குறையுது!"

காற்றில் விழுந்த ஒரு மரம். அந்த இடத்தில் அக்கா நாலு மரவள்ளி நட்டிருந்தார். அவ்வளவு சயாமுக்கும் பிறகு அந்த மனிதர் என்னிடம் கேட்ட ஒரே நியாயம் அந்த ஒரு மரம்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். வெட்கமே இல்லை.

துரை திரும்பி வந்து மேப்பையும் மரத்தையும் பார்த்துவிட்டு, 'இந்த ஆளுக்கு அளக்கவே தெரியாது' என்று என் பைலில் எழுதி வைத்தார். சர்வே ஆபீஸில் சேர ஆசைப்பட்டவன் நான். அந்த ஒரு வரியில் எல்லாம் போச்சு. கடைசியில் பத்தி எழுத வந்தேன். நஷ்டம் யாருக்கு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஏழாம் நம்பர் காடு அப்புறம் செம்பனை ஆனது. இப்போது வீடு கட்டுகிறார்கள் என்று சுகுணா சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் தேடி எடுத்தார். என்ன இருந்தாலும் டாக்டர் இல்லையா?

"சரி அங்கிள், அந்த வருஷத்துக்கு நான் டேபிள்ல என்ன போடட்டும்? அந்த ரெண்டு ஏக்கர் ரப்பரா, மரவள்ளியா?"

"ரெண்டையும் போடும்மா. ரப்பரும் அங்க நின்னுச்சு. மரவள்ளியும் மூட்டை மூட்டையா வந்துச்சு."

"அப்படிப் போட்டா தோட்டத்தோட மொத்தப் பரப்பு ரெண்டு ஏக்கர் கூடிடுமே!"

"கூடத்தான்மா செஞ்சுச்சு."